ஒன்ராறியோவில் நாரி வலியோடு கைரோபிராக்டரிடம் போகுமுன்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கிடங்கில் பெட்டி தூக்கியோ, குளிர்காலத்தில் பனி அள்ளியோ, நாள் முழுவதும் கணினிக்கு முன்னால் குந்தியிருந்தோ ஒன்ராறியோவுக்கு வந்த முதல் சில ஆண்டுகளுக்குள் நாரி, அதாவது கீழ் முதுகு, பிடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு. குடும்ப வைத்தியரிடம் நேரம் கிடைக்கச் சில நாட்கள் ஆகும். அதற்கிடையில் வீட்டுக்கு அருகிலுள்ள பிளாசாவில் கைரோபிராக்டர், மசாஜ், அக்குபங்சர் (ஊசி குத்திச் செய்யும் சிகிச்சை) என்று எழுதிய பலகையைக் கண்டு உள்ளே போய்விடுகிறோம். கைரோபிராக்டர் என்பவர் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துத் திருத்திச் சிகிச்சை செய்பவர். சிகிச்சை எப்படி அமைந்தாலும், யார் பணம் கட்டுவது, எந்தப் படிவம் எப்போது போகவேண்டும், எந்தப் பற்றுச்சீட்டு செல்லும் என்பவற்றில்தான் பலர் சிக்குகிறார்கள். நான் கேட்ட ஒவ்வொருவரும் இதில் ஒவ்வொரு துண்டை மட்டுமே அறிந்திருந்தார்கள். அந்தத் துண்டுகளை, நீங்கள் செய்யவேண்டிய ஒழுங்கிலேயே இங்கே தருகிறேன்.

1. இது கைரோபிராக்டர் பார்க்கவேண்டிய வலிதானா என்று பாருங்கள்

நாரி வலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால், அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டால், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனால், கால் திடீரெனப் பலம் இழந்தால், எந்தக் கிளினிக்குக்கும் போகாமல் நேரே மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, விழுந்தபின் தொடங்கிய கடும் வலி, முன்னர் புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புதிய வலி, காரணமின்றி எடை குறைவதோடு சேர்ந்த வலி ஆகியவற்றை முதலில் வைத்தியரே பார்க்கவேண்டும். எதில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் 811 என்ற இலக்கத்தை அழையுங்கள். எந்த நேரத்திலும் தாதி ஒருவருடன் இலவசமாகப் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

இவை எதுவும் இல்லாத திடீர் நாரி வலியில் பெரும்பகுதி, எந்தச் சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் சில கிழமைகளில் தணிந்துவிடும். சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பை அசைத்துத் திருத்துதல் ஆகிய நான்கையும் அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், மருந்துக்கு முன் முயன்று பார்க்கத்தக்கவை என்று சேர்த்தது. ஆகவே கைரோபிராக்டரிடம் போவது மூடத்தனமும் அல்ல, கட்டாயமும் அல்ல. முதுகு, கழுத்து, மூட்டு வலிகளுக்கு அப்பால், ஆஸ்துமா, பிள்ளைகளின் காதுத் தொற்று, குழந்தையின் வயிற்று நோ போன்றவற்றையும் முதுகெலும்பைத் திருத்தியே மாற்றுவோம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை.

2. செலவை ஏற்கப்போவது யார் என்று முற்பதிவுக்கு முன்பே தீர்மானியுங்கள்

ஓஹிப் அட்டை (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) கைரோபிராக்டர் கட்டணத்தைச் செலுத்தாது. 2004 டிசம்பரிலேயே அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கைக்காசைத் தவிர வேறு வழிகள் உண்டு. எந்த வழி என்பது வலி எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. முதல் வருகையில் வரவேற்பாளரிடம் நீங்கள் சொல்லும் காரணம் பதிவேட்டில் ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். "சும்மா வந்தது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, பின்னர் வேலையில் வந்தது என்று நிறுவுவது மிகவும் கடினம்.

வேலையில் வந்த வலியானால் அது டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலைத்தலப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபையின் பொறுப்பு. உங்கள் தொழில் அதன்கீழ் வருகிறதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். பெரும்பாலான தொழிற்சாலை, கிடங்கு வேலைகள் வரும். மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே சொல்லி, சொன்னதற்கு அடையாளமாக ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பி வையுங்கள். தொழிலாளி நிரப்புவது படிவம் 6. அதற்குக் காயம்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் வரை அவகாசம் உண்டென்றாலும் அவ்வளவு காலம் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. முதலாளி அனுப்புவது படிவம் 7. விடயம் தெரிந்து மூன்று வேலைநாட்களுக்குள் அது போகவேண்டும். சிகிச்சையளிப்பவர் நிரப்புவது படிவம் 8. இதைக் குடும்ப வைத்தியர் மட்டுமன்றிக் கைரோபிராக்டரும் பிசியோதெரபிஸ்டும் நிரப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. கோரிக்கை ஏற்கப்பட்டால் கிளினிக் நேரடியாகச் சபையிடம் பணம் பெற்றுக்கொள்ளும், உங்களிடம் வாங்கக்கூடாது.

ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே முதலாளி என்பது ஏஜென்சிதான். ஆகவே வேலைத்தலத்துக்கும் ஏஜென்சிக்கும் இரண்டுக்கும் அறிவியுங்கள். "வீட்டில் விழுந்ததாகச் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று எவராவது கேட்டால் உடன்படாதீர்கள். கோரிக்கை போடவிடாமல் தடுப்பது முதலாளியின் சட்டமீறல்; பொய்க் காரணம் சொன்னால் நீங்களும் அதில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாகன விபத்தில் வந்த வலியானால், தவறு யாருடையதாக இருந்தாலும் உங்கள் வாகனக் காப்புறுதியே சிகிச்சைச் செலவுக்கு வழி. விபத்து நடந்து ஏழு நாட்களுக்குள் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் அனுப்பும் ஓ.சி.எஃப்-1 என்ற விண்ணப்பத்தைக் கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். தசைப்பிடிப்பு, சுளுக்கு போன்றவை "சிறு காயம்" என்ற வகையில் அடங்கும். அதற்கான உச்சவரம்பு 3,500 டொலர். அதற்குள் அடங்கும் சிகிச்சையைக் கிளினிக் ஓ.சி.எஃப்-23 என்ற படிவத்தால் தொடங்கும். அதற்கு மேற்பட்ட திட்டங்கள் ஓ.சி.எஃப்-18இல் போகும், நிறுவனம் பத்து வேலைநாட்களுக்குள் பதில் சொல்லவேண்டும். வேலைத்தலக் காப்புறுதியும் (முதலாளி ஊழியருக்குத் தரும் சுகாதாரக் காப்புறுதி; பெனிஃபிட் என்பார்கள்) உங்களுக்கு இருந்தால் எது முதலில் கட்டவேண்டும் என்பதை, விபத்துத் திகதியைக் குறிப்பிட்டு, கோரிக்கையைக் கையாளும் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இழுவை வண்டிக்காரரோ முன்பின் தெரியாத சட்ட உதவியாளரோ குறிப்பிட்ட கிளினிக்கின் அட்டையை உங்கள் கையில் திணிப்பது ரொறன்ரோவில் வழமையான காட்சி. எங்கே சிகிச்சை பெறுவது என்பது உங்கள் தெரிவு. நிரப்பாத ஓ.சி.எஃப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

இவ்விரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது வேலைத்தலக் காப்புறுதி, அல்லது மாணவராயின் கல்லூரிக் காப்புறுதி. அதுவும் இல்லாதோர் 7ஆம் படிக்கு நேரே போகலாம்.

3. காப்புறுதிக் கையேட்டில் தேடவேண்டிய வரிகள்

"எனக்கு பெனிஃபிட் இருக்கிறது" என்பது போதுமான தகவல் அல்ல. காப்புறுதி நிறுவனத்தின் இணையக் கணக்கிலோ செயலியிலோ துணை மருத்துவச் சேவைகள் என்ற பகுதியைத் திறந்து, கைரோபிராக்டருக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சில திட்டங்களில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி வரம்பு. சிலவற்றில் கைரோ, பிசியோ, மசாஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. இரண்டாவது வகையானால் மார்ச்சில் மசாஜுக்குச் செலவழித்தது ஒக்டோபரில் கைரோவுக்கு இல்லாமற்போகும்.

அடுத்து வீதம். 80 வீதம் என்று இருந்தாலும், "நியாயமான வழக்கக் கட்டணம்" என்று நிறுவனம் தானே வைத்திருக்கும் ஓர் அளவுக்குத்தான் அந்த 80 வீதம். 70 டொலர் கட்டணத்தில் அவர்கள் 55 டொலரை மட்டும் ஏற்றால் உங்களுக்குக் கிடைப்பது 44 டொலர். மசாஜுக்கு வைத்தியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று சில திட்டங்கள் கேட்கும். கடிதத் திகதி சிகிச்சைத் திகதிக்குப் பிந்தியதாக இருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும்; வைத்தியர் முன்திகதியிட்டுத் தரமாட்டார், கேட்கவும் கூடாது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மாதக் காத்திருப்பு இருக்கும். நாட்டிலிருந்து துணைவரை அழைத்தவர்கள், அவர் வந்து சேர்ந்ததும் திட்டத்தில் சேர்க்க அநேகமாக 31 நாட்கள் என்ற எல்லை இருப்பதைக் கவனியுங்கள். அதைத் தவறவிட்டால் உடல்நல விபரங்களைக் கொடுத்து அனுமதி பெறவேண்டிய நிலை வரலாம். இருவருக்கும் வேலைத்தலக் காப்புறுதி இருந்தால், சிகிச்சை பெற்றவரின் திட்டத்தில் முதலில் கோரி, மீதியை மற்றவரின் திட்டத்தில் கோரலாம். பிள்ளைக்கானால், நாட்காட்டியில் எந்தப் பெற்றோரின் பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடைய திட்டம் முதலில். பிறந்த வருடம் கணக்கில் வராது.

4. உரிமத்தைப் பாருங்கள்

கைரோபிராக்டரை ஒழுங்குபடுத்துவது ஒன்ராறியோ கைரோபிராக்டர்கள் கல்லூரி. கல்லூரி என்ற பெயர் இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடமன்று, உரிமம் வழங்கும் அமைப்பு. அதன் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் உரிமம் நடைமுறையில் உள்ளதா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்பதெல்லாம் வரும். மசாஜ் சிகிச்சையாளர், பிசியோதெரபிஸ்ட், அக்குபங்சர் செய்பவர், இயற்கை மருத்துவர் ஆகியோருக்கும் தனித்தனிக் கல்லூரிகளும் பதிவேடுகளும் உள்ளன. முதுகெலும்பின் மூட்டை அதன் வழமையான எல்லைக்கு அப்பால் சட்டென்று அழுத்தி அசைப்பது இந்த மாகாணத்தில் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயல். உரிய உரிமம் இல்லாதவர் அதைச் செய்யக்கூடாது. ஊரில் முறிவு நெரிவு வைத்தியம் பார்த்த பரியாரியின் கைராசி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் இங்கே ஒரு வீட்டு நிலக்கீழ் அறையில் "நாரி தட்டுகிறவர்" கையில் ஏதும் பிசகினால் முறையிட இடமில்லை, பற்றுச்சீட்டும் செல்லாது.

கைரோபிராக்டர்கள் தம் பெயருக்கு முன் டொக்டர் என்று போடச் சட்டம் அனுமதிக்கிறது. அவர்கள் மருந்து எழுதவோ அறுவை செய்யவோ முடியாது. தடுப்பூசி பற்றி அறிவுரை கூறுவதும் அவர்கள் தொழிலின் எல்லைக்கு வெளியே என்று அவர்களுடைய கல்லூரியே சொல்கிறது.

5. முதல் வருகை

கொண்டுபோகவேண்டியவை: புகைப்பட அடையாள அட்டை, காப்புறுதி அட்டை (திட்ட இலக்கமும் உறுப்பினர் இலக்கமும் தெளிவாகத் தெரியும் படம் போதும்), நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல், முன்பு எடுத்த எக்ஸ்ரே அல்லது எம்.ஆர்.ஐ. அறிக்கை. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பதையும், எலும்பு மெலிவு, கர்ப்பம், முன்னர் வந்த பக்கவாதம் ஆகியவற்றையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருந்தெண்ணெய், லேகியம், கப்சூல் என்று வீட்டில் எடுப்பவையும் மருந்துப் பட்டியலில் சேரும். ஆங்கிலம் போதாதென்றால் முற்பதிவின்போதே தமிழ் பேசுபவரைக் கேளுங்கள். ரொறன்ரோ பகுதியில் கிடைப்பார்கள். சிறு பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இருத்தாதீர்கள்.

நான் விசாரித்த ஸ்காபரோ, மார்க்கம் கிளினிக்குகளில் முதல் வருகைக்கு ஏறத்தாழ 80 முதல் 130 டொலரும், பின் வருகைகளுக்கு 45 முதல் 70 டொலரும் கேட்டார்கள். கைரோ கட்டணத்துக்கு எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி இல்லை. முதல் வருகை முக்கால் மணி நேரம் வரை போகலாம். பின்னையவை பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடியும். பத்து நிமிடத்துக்கா இவ்வளவு என்று தோன்றினால், முற்பதிவின்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைரோபிராக்டர் உங்கள் வரலாற்றைக் கேட்டு, உடலைச் சோதித்து, என்ன செய்யப்போகிறார், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று விளக்கி, உங்கள் சம்மதத்தைப் பெற்ற பின்பே கைவைக்கவேண்டும். சம்மதப் படிவத்தை வரவேற்பு மேசையிலேயே கையெழுத்திட்டுவிடாமல், அறைக்குள் எடுத்துச் சென்று கேள்வி கேட்டபின் இடுங்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பும் முறைக்குப் பின் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. மிக அரிது, ஆனால் நேர்ந்தால் பாரதூரமானது. அந்தத் திருப்பல் வேண்டாம், மெதுவான அசைவோ உடற்பயிற்சியோ போதும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், இதற்குமுன் அறியாத கடும் தலைவலி அல்லது கழுத்து வலி வந்தால் கிளினிக்கை அழைத்து நேரம் போக்காமல் 911ஐ அழையுங்கள்.

எல்லோருக்கும் எக்ஸ்ரே என்பதும் தேவையற்றது. ஆபத்து அறிகுறி இல்லாத புதிய நாரி வலிக்கு வழமையாகப் படம் எடுக்கவேண்டாம் என்று கனேடியக் கைரோபிராக்டர் சங்கமே அறிவுறுத்துகிறது. உண்மையாகத் தேவைப்பட்டால் குடும்ப வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். அப்போது ஓஹிப் கட்டும்.

6. பணம் பறிபோகும் இடங்கள்

முதலாவது, முற்பணப் பொதி. "கிழமைக்கு மூன்று தடவை, ஆறு மாதம், இன்றே கட்டினால் கழிவு" என்று ஒரு கிளினிக்கில் எனக்கும் தாள் நீட்டினார்கள். என் முதுகைத் தொட்டுப் பார்க்குமுன்பே தொகை அச்சிடப்பட்டிருந்தது. பொதிக்குப் பணம் வாங்குவதானால், ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியாகக் கட்டும் தெரிவையும் தரவேண்டும், ஒரு வருகையின் விலையைக் குறிப்பிடவேண்டும், பயன்படுத்தாத பகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர்களுடைய தொழில் விதி. இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும். நான்கு முதல் ஆறு வருகைக்குள் ஏதாவது முன்னேற்றம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் மறுபரிசோதனை கேளுங்கள், அல்லது வைத்தியரிடம் திரும்புங்கள்.

இரண்டாவது இன்னும் பாரதூரமானது. "உங்கள் பெனிஃபிட் வீணாகப் போகிறதே" என்று சொல்லி, சப்பாத்தோ கறுப்புக் கண்ணாடியோ தந்துவிட்டுச் சிகிச்சை என்று பற்றுச்சீட்டு எழுதுகிற இடங்கள் உண்டு. மனைவிக்குச் செய்த மசாஜைக் கணவன் பெயரில் போடுவதும் இதே வகைதான். இது சலுகையன்று, மோசடி. ரொறன்ரோ போக்குவரத்து ஆணைக்குழுவில் இப்படியான பொய்க் கோரிக்கைகள் வெளிவந்தபோது, 200க்கும் மேற்பட்ட ஊழியர்கள் நீக்கப்பட்டோ தாமாக விலகியோ வேலையை இழந்தார்கள். கிளினிக்குக்கு உங்கள் காப்புறுதிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். நேரடியாகக் கோரிக்கை அனுப்ப அனுமதித்திருந்தால், மாதம் ஒருமுறை செயலியைத் திறந்து, நீங்கள் போகாத நாளுக்கு ஏதும் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள்.

7. மற்ற வழிகள், காப்புறுதி இல்லாதோருக்கு உட்பட

மசாஜ் ஆர்.எம்.டி. (பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர்) என்ற பட்டமுடையவரிடம் செய்தால்தான் காப்புறுதி ஏற்கும். மணிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 டொலர். இதற்கு 13 வீதம் எச்.எஸ்.டி. தனி. அக்குபங்சரைக் கைரோபிராக்டரும் பிசியோதெரபிஸ்டும் செய்யலாம். ஆனால் உங்கள் திட்டம் பதிவுபெற்ற அக்குபங்சர் நிபுணரை மட்டும் ஏற்கக்கூடும் என்பதால், ஊசி போடுபவர் எந்தக் கல்லூரி உறுப்பினர் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் ஒன்ராறியோவில் ஒழுங்குபடுத்தும் கல்லூரி இல்லை. ஆகவே காப்புறுதியும் பொதுவாகக் கிடையாது, வரிச் சலுகையும் கிடையாது. எண்ணெய் பூசிப் பிடித்துவிடுவதில் சுகம் இருந்தால் கைக்காசில் செய்துகொள்ளுங்கள். உள்ளே எடுக்கும் மருந்துக்கு மட்டும் எச்சரிக்கை: பெட்டியில் என்.பி.என். என்று தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது கனேடியச் சுகாதாரத் திணைக்களம் விற்பனைக்கு அனுமதித்ததன் அடையாளம். ஈயம், பாதரசம், ஆர்சனிக் அளவுக்கு மிஞ்சியிருந்த ஆயுர்வேத மருந்துகள் பற்றி அத்திணைக்களம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பயணப்பெட்டியில் வந்த பற்பம், செந்தூரங்களை, முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தொடவேண்டாம்.

இனி இலவச வழிகள். 65 வயதும் அதற்கு மேற்பட்டோரும், 19 வயதும் அதற்குக் குறைந்தோரும், அண்மையில் மருத்துவமனையில் இரவு தங்கி வீடு திரும்பியோர், ஒன்ராறியோ வேர்க்ஸ் (அரசின் வாழ்வாதார உதவி) அல்லது ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுவோர் ஆகியோருக்கு, வைத்தியரின் பரிந்துரையோடு, குறிப்பிட்ட கிளினிக்குகளில் பிசியோதெரபியை ஓஹிப் ஏற்கிறது. எல்லாப் பிசியோ கிளினிக்கும் இதில் இல்லை என்பதால், தொலைபேசியில் "ஓஹிப் பிசியோ உண்டா" என்று நேரே கேளுங்கள்.

நாரி வலி ஆறு கிழமைக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் "ரப்பிட் அக்சஸ் கிளினிக்" பரிந்துரை கேளுங்கள். அங்கே பயிற்சி பெற்ற கைரோபிராக்டரோ பிசியோதெரபிஸ்டோ உங்களை இலவசமாகச் சோதித்து, பயிற்சித் திட்டம் தந்து, தேவையானால் அறுவை நிபுணரிடம் அனுப்புவார். கட்டணம் இல்லாத இந்த வழியை நம்மவர்கள் கேட்பதேயில்லை. வேலைக் காயத்துக்கோ வாகன விபத்துக்கோ கோரிக்கை நடந்துகொண்டிருப்போர் மட்டும் இதில் சேரமுடியாது.

குறைந்த கட்டணம் போதுமென்றால், வட யோர்க்கில் லெஸ்லி வீதியிலுள்ள கனேடிய நினைவுக் கைரோபிராக்டிக் கல்லூரியின் கற்பித்தல் கிளினிக்குகளை அழையுங்கள். இறுதியாண்டு மாணவர் உரிமமுடையவரின் மேற்பார்வையில் பார்ப்பார். நேரம் கூடுதலாகச் செல்லும், விலை குறைவு.

8. பற்றுச்சீட்டும் வரியும்

பற்றுச்சீட்டில் சிகிச்சை பெற்றவரின் பெயர், திகதி, சேவையின் பெயர், தொகை, செய்தவரின் பெயரும் பதிவு இலக்கமும் இருக்கவேண்டும். கடனட்டைச் சிட்டை மட்டும் போதாது. கோரிக்கைக்கான கடைசி நாள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். வேலையை விட்டு விலகினால் அது மிகவும் குறுகிவிடும் என்பதால், விலகுமுன் எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள்.

காப்புறுதி திருப்பித் தராத மீதியை வருமான வரிப் படிவத்தின் 33099ஆம் வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். நிகர வருமானத்தின் 3 வீதத்தையோ, அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் தொகையையோ, இரண்டில் குறைந்ததைத் தாண்டிய பகுதிக்குத்தான் சலுகை. அந்த ஆண்டுக்குள் முடிகிற எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் தெரிவுசெய்யலாம் என்பதால், செலவு அதிகமான மாதங்கள் ஒன்றாக விழும்படி பாருங்கள். சம்பளத்தில் வெட்டப்படும் சுகாதாரக் காப்புறுதிக் கட்டணமும் இதில் சேரும்.

கிளினிக்கை மாற்றுவதானால் உங்கள் மருத்துவப் பதிவின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். நியாயமான பிரதிக் கட்டணம் வாங்கலாம், கட்டவேண்டிய பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பதிவை மறிக்கக்கூடாது.